கிளார்க் வீட்டு மாடி டிஷ்

இலங்கைக்குத் தொலைக்காட்சி எப்போது வந்தது? வினாடி வினா விடை 1979 ஏப்ரல் 13, ஐ.டி.என். ஒளிபரப்பு ஆரம்பித்த நாள். ரூபவாஹினி வந்தது 1982 பிப்ரவரி 15. ஆனால் இதற்கெல்லாம் மூன்றரை வருஷத்துக்கு முன்பே கொழும்பு கறுவாத்தோட்டத்தில் ஒரு வீட்டு மாடியில் டிஷ் ஒன்று மேற்கே பார்த்து நின்றுகொண்டிருந்தது. கீழே டிவி ஓடியது. வந்த நிகழ்ச்சிகள் இந்தியாவுடையவை, அனுப்பிய செயற்கைக்கோள் அமெரிக்காவுடையது, வீட்டுக்காரர் இங்கிலாந்துக்காரர். பார்த்த இடம் இலங்கை. வெளிநாட்டில் குடியிருந்துகொண்டு இன்னொரு நாட்டு டிவியை டிஷ் வைத்துப் பிடிக்கிற வழக்கம் நம் பக்கத்தில் எங்கிருந்து ஆரம்பிக்கிறது என்று தேடிப்போனால் இந்த மாடியில்தான் போய் நிற்கவேண்டியிருக்கிறது.

வீட்டுக்காரர் ஆர்தர் சி. கிளார்க். அறிவியல் புனைகதை படிக்கிறவர்களுக்கு அறிமுகம் வேண்டாம். 1956இல் கடலுக்கடியில் முக்குளிக்கிற ஆசையில் இலங்கை வந்தவர், அங்கேயே தங்கிவிட்டார். 2008 மார்ச்சில் இறந்ததும் கொழும்பில்தான்.

அவர் வீட்டு மாடிக்கு டிஷ் போனதில் ஒரு வேடிக்கையான நியாயம் உண்டு. 1945 அக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்ற பத்திரிகையில் கிளார்க் ஒரு கட்டுரை எழுதினார். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பொருளைச் சுற்றவிட்டால், அது பூமி சுழலும் அதே வேகத்தில் சுற்றும். கீழேயிருந்து பார்த்தால் ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நிற்கும். அப்படி மூன்றை நிறுத்தினால் உலகம் முழுக்க ஒலிபரப்பலாம், ஒளிபரப்பலாம் என்பதுதான் சாரம். இந்தச் சுற்றுப்பாதையைப் பற்றி அவருக்கு முன்பே சிலர் எழுதியிருக்கிறார்கள். அதை ஒலிபரப்புக்குப் பயன்படுத்தலாம் என்று கணக்குப் போட்டு விரிவாக எழுதியதுதான் கிளார்க்கின் பங்கு. கட்டுரைக்குக் கிடைத்த சன்மானம் 15 பவுண்டு. பேட்டன்ட் எடுக்கவில்லை. பின்னால், ஓய்வு நேரத்தில் நூறு கோடி டாலரைத் தொலைத்த கதை என்று தானே கிண்டலாகத் தலைப்பு வைத்து இதைப்பற்றி எழுதினார்.

அந்தக் கட்டுரையை இன்றைக்குப் படித்தால் இரண்டு விஷயம் சிரிப்பை வரவழைக்கும். ஒன்று, மேலே இருக்கும் நிலையத்தில் ஆட்கள் குடியிருப்பார்கள் என்று நினைத்திருக்கிறார். வால்வு போனால் மாற்ற ஆள் வேண்டுமே! டிரான்சிஸ்டர் வருவதற்கு முந்தைய காலம். இன்னொன்று, கீழே வீட்டில் ஓர் அடி விட்டமுள்ள சின்னக் கிண்ணம் இருந்தால் போதும் என்கிறார். முப்பது வருஷம் கழித்து அவர் வீட்டிலேயே வைத்தது சுமார் 15 அடி.

ஏன் அவ்வளவு பெரிசு? அதற்கு 'சைட்' திட்டத்துக்குள் கொஞ்சம் போகணும்.

விக்ரம் சாராபாய்க்கு ஒரு பிடிவாதம் இருந்தது. நகரத்தில் டிவி கோபுரம் கட்டி, அது மெதுவாகக் கிராமத்துக்குப் போய்ச் சேரும்வரை காத்திருக்கவேண்டாம், நேரே கிராமத்திலிருந்து ஆரம்பிப்போம் என்பது. 1969இல் நாசாவோடு ஒப்பந்தம் ஆயிற்று. 1971 டிசம்பர் 30இல் சாராபாய் காலமாகிவிட்டார், திட்டம் மட்டும் நின்றுபோகவில்லை. ஏ.டி.எஸ்.-6 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள் 1974 மே 30இல் ஏவப்பட்டது. முதல் வருஷம் அமெரிக்காவின் மலைப்பிரதேசங்களுக்கும் அலாஸ்காவுக்கும் கல்வி, மருத்துவ நிகழ்ச்சிகளை அனுப்பியது. பிறகு அதை அப்படியே கிழக்கே நகர்த்தி 35 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்குக் கொண்டுவந்தார்கள். வந்த கையோடு 1975 ஜூலையில் அப்பல்லோ-சோயுஸ் விண்கலச் சந்திப்புக்கும் உதவிவிட்டு, ஆகஸ்ட் 1 முதல் இந்தியாவுக்கு வேலை செய்ய ஆரம்பித்தது.

ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்கள். தினம் நாலு மணிநேரம். காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் ஊராருக்கு விவசாயம், சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாடு. ஊர்ப் பொது இடத்தில் ஒரு டிவி, பக்கத்திலோ கூரையிலோ 3 மீட்டர் டிஷ். டிஷ் என்றால் இப்போது நாம் பார்க்கிற வழவழ தகடு இல்லை. கோழிக்கூண்டுக்கு அடிக்கிற கம்பிவலைதான். 860 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 35 சென்டிமீட்டர். அவ்வளவு நீளமான அலைக்கு வலையின் ஓட்டை ஒரு பொருட்டே இல்லை, தகடு மாதிரிதான் தெரியும். காற்றடித்தாலும் வலை தாங்கும், விலையும் மலிவு. என்னைக் கேட்டால் சைட் திட்டத்தில் ஆகப் புத்திசாலித்தனமான விஷயம் மேலே இருந்த செயற்கைக்கோள் இல்லை, இந்தக் கோழிவலைதான்.

செயற்கைக்கோளில் இருந்த டிரான்ஸ்மிட்டரின் சக்தி 80 வாட். அந்தக்காலத்துக் குண்டு பல்பைவிடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு 36,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து கிராமத்து டிஷ்ஷை எட்டவேண்டும் என்றால் சக்தியை வீணாக்காமல் ஒரே பக்கம் குவிக்கணும். அதற்காக 9 மீட்டர் ஆன்டெனா ஒன்றைக் குடை மாதிரி மடித்து அனுப்பி, மேலே போனதும் விரித்தார்கள். கணக்குப் போட்டால் அதன் கற்றை மூன்று பாகைக்கும் குறைவு. இந்தியாவின் நடுப்பகுதியைக் குறிவைத்தால் கொழும்பு அந்த வெளிச்சவட்டத்துக்கு வெளியே, ஓரத்து மங்கலில் விழுகிறது. டார்ச் அடித்தால் நடுவில் பளிச்சென்று விழும், சுற்றிலும் லேசாகப் படரும் இல்லையா, அந்தப் படரலில். அங்கே சிக்னல் பிடிக்க ஒரே வழி, பெரிய சட்டியை வைப்பது. 3 மீட்டரைக் கிட்டத்தட்ட 5 மீட்டர் ஆக்கினால் பரப்பு இரண்டரை மடங்குக்கும் மேல் போய்விடும். இன்றைக்கும் ஸ்பெயினில் போய்க் குடியேறிய பிரிட்டிஷ்காரர்கள் லண்டன் சானல்களைப் பிடிக்க ஆளுயர டிஷ் வைக்கிறார்களே, அதுவும் இதே கதைதான்.

திசையையும் பாருங்க. நிகழ்ச்சி அகமதாபாத்திலிருந்து மேலே போகிறது. அகமதாபாத் கொழும்புக்கு வடக்கே. டிஷ் மட்டும் வடக்கே பார்க்காது. 35 பாகை கிழக்கு என்பது கென்யாவுக்கு மேலே. ஆகவே கொழும்பிலிருந்து கிட்டத்தட்ட நேர் மேற்கே, அடிவானத்திலிருந்து 38 பாகை உயரத்தில் பார்க்கவேண்டும். 1945 கட்டுரையில் ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்குமாகக் கிளார்க் நிறுத்திய நிலையம் 30 பாகை கிழக்கில் இருந்தது. தான் காகிதத்தில் ஆணி அடித்த இடத்துக்கு ஐந்து பாகை தள்ளி நின்ற நிஜமான செயற்கைக்கோளை நோக்கித்தான் அவருடைய மாடி டிஷ் நின்றது.

டிஷ்ஷைக் கொடுத்தது இந்திய அரசு, வந்து பூட்டிக்கொடுத்தது இஸ்ரோ பொறியாளர்கள். சும்மா ஒரு டிவியை வாங்கி வயரைச் செருகுகிற வேலை இல்லை. செயற்கைக்கோளிலிருந்து வந்தது எஃப்.எம். முறையில், சாதாரண டிவிக்குப் புரியாது. நடுவில் ஒரு மாற்றிப் பெட்டி வேண்டும். மேலும், டிவி நிலையமே இல்லாத நாட்டில் டிவிக்கு எங்கே போவது? நண்பர்களும் அக்கம்பக்கத்தாரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரிசாவில் ஒரு விவசாயிக்காக எடுத்த நிகழ்ச்சியைக் கறுவாத்தோட்டத்தில் உட்கார்ந்து பார்க்கிற காட்சியை நினைத்துப் பார்த்தால் எனக்கு இப்பவும் சிரிப்பு வரும்.

சிரிப்புக்கு அப்பால் இதில் ஒரு பெரிய வழக்கு இருந்தது. ஒரு நாட்டுச் செயற்கைக்கோள் இன்னொரு நாட்டு வீட்டுக்குள் நேராக நுழையலாமா? 1971இல் ஜெனீவா மாநாட்டில், அண்டை நாட்டின்மேல் சிதறுவதை முடிந்தவரை குறைக்கவேண்டும் என்று விதி போட்டார்கள். 1972இல் சோவியத் யூனியன் இதற்கு சர்வதேச ஒப்பந்தமே வேண்டும் என்று ஐ.நா.வுக்குப் போனது. தகவலுக்கு எல்லை கூடாது என்றது அமெரிக்கா. பத்து வருஷம் இழுத்து, 1982 டிசம்பரில் பொதுச்சபை, அண்டை நாட்டின் சம்மதம் பெற்றே அதற்கென்று ஒளிபரப்பவேண்டும் என்று தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது. அடுத்த பத்து வருஷத்துக்குள் நம் தெருக்களில் கேபிள்காரர்கள் ஹாங்காங்கிலிருந்து வந்த ஸ்டார் டிவியை இழுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கிளார்க் வீட்டு டிஷ்ஷில் விழுந்தது அந்தச் சிதறல்தான். இந்தியாவே மனமுவந்து கொடுத்ததால் யாரும் சண்டைக்கு வரவில்லை.

தமிழுக்கு இதில் என்ன இடம்? ஒன்றுமில்லை என்பதுதான் பதில். சைட் மாநிலங்கள் ஆந்திரா, கர்நாடகா, ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான். ஒலி வந்தது இந்தி, ஒரியா, தெலுங்கு, கன்னடத்தில். தமிழ்நாட்டுக்கு அந்த வருஷம் கிடைத்தது சென்னை தூர்தர்ஷன், 1975 ஆகஸ்ட் 15இல், கோபுரத்திலிருந்து, சென்னைக்கும் சுற்றுவட்டாரத்துக்கும். அதாவது, சாராபாய் எந்த வழி வேண்டாம் என்றாரோ அந்த வழி. ஒரிசாவின் குக்கிராமத்தில் டிவி இருந்த வருஷத்தில் திருநெல்வேலியில் கிடையாது.

1976 ஜூலை 31இல் சைட் முடிந்தது. ஒரு வருஷத்துக்குத்தான் இரவல். அமெரிக்கர்கள் செயற்கைக்கோளைத் திரும்ப நகர்த்திக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ஊர்களில் சிலவற்றுக்குத் தரைவழி நிலையங்கள் அமைந்தன, பலவற்றில் திரை அணைந்தது அணைந்ததுதான். இந்தியாவின் சொந்தச் செயற்கைக்கோள் இன்சாட்-1ஏ 1982 ஏப்ரலில் போய், செப்டம்பரிலேயே செயலிழந்தது. 1983 ஆகஸ்டில் இன்சாட்-1பி போனபிறகுதான் நிலைமை மாறியது. நடுவில் ஏழு வருஷம். அந்தப் பிள்ளைகள் பள்ளியையே முடித்திருப்பார்கள்.

தென்மாவட்டக்காரர்களுக்குத் தெரியும், அந்த இடைவெளியை எங்களுக்கு நிரப்பியது யார் என்று. ஐம்பதுகளில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டைக் கைகழுவியபோது ரேடியோ சிலோன் வந்து நின்ற மாதிரி, எண்பதுகளில் ரூபவாஹினி. பிதுருதலாகல மலை 2,524 மீட்டர், அங்கிருந்து ஒளிபரப்பு. தூத்துக்குடிக்கு அது 350 கிலோமீட்டர். கணக்குப்படி மலையுச்சியிலிருந்து அடிவானமே 200 கிலோமீட்டர் சொச்சம்தான், வரக்கூடாது. ஆனால் கடல்மேல் குளிர்ந்த காற்றும் சூடான காற்றும் அடுக்கடுக்காக நின்றால் அலை வளைந்து வந்துவிடும். அதனால் சில மாலைகளில் பளிங்குமாதிரி படம், மறுநாள் வெறும் புள்ளி. எங்கள் மாமா வீட்டில் இரும்புக் குழாயை ஒன்றோடொன்று பொருத்தி, பூஸ்டர் வைத்து ஆன்டெனாவை ஏற்றியிருந்தார்கள். மேலே ஒருத்தர் திருப்ப, கீழேயிருந்து "வந்துட்டு, வந்துட்டு, அப்படியே விடு" என்று ஒருத்தர் கத்த, மாமா துணிக்கொடிக் கயிற்றால் குழாயைத் தூணோடு சேர்த்துக் கட்டுவார். அது தென்கிழக்கே பார்த்தபடி பல வருஷம் நின்றது.