நடுகல்லும் நாணமும்

ஜவ்வாது மலைக்குத் தெற்கே இருக்கிறது செங்கம். மலைபடுகடாம் போற்றும் நன்னனின் செங்கண்மா இதுவே என்பர் அறிஞர். நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தனுக்கு வழி சொல்வதாக அமைந்த பாட்டு அது. பாதை கவர்க்கும் இடங்களில் நடுகற்கள் பல நிற்கும் என்கிறார் புலவர். தம் பக்கம் தளர்ந்தபோது பகைவர் எழுப்பிய ஆரவாரத்தைப் பொறுக்கமாட்டாமல் உயிரைக் கொடுத்த மறவர்களின் பெயர் தாங்கிய கற்கள் அவை.

வெண்ணிப் போர்க்களத்தின் கதையும் இதையொத்ததே. கரிகாலனோடு பொருது புறப்புண் பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்து உயிர் நீத்தான். வென்றவனை நோக்கியே, வடக்கிருந்தவன் உன்னினும் நல்லவன் அல்லவா என்று கேட்டார் வெண்ணிக்குயத்தியார். நாணி இறந்தவனுக்கு நம் மரபு பாட்டும் தந்தது, கல்லும் நட்டது. நாணத்தோடு உயிர் வாழ வேண்டியவனுக்கு அது என்ன தந்தது என்று தேடினால் கை வெறுமையாகவே திரும்புகிறது.

போர்க்களம் போய் விளையாட்டுக்களம் வந்துவிட்ட நம் காலத்திலும் இந்தக் கேள்வி பழையதாகிவிடவில்லை. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில், பெண்களுக்கான 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார் சாந்தி சௌந்தரராஜன். புதுக்கோட்டை மாவட்டத்தில் செங்கற்சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். சில நாட்களிலேயே, பாலினச் சோதனையில் தேறவில்லை என்று கூறிப் பதக்கத்தைப் பறித்தனர். எல்லாப் பெண்களுக்கும் கட்டாயமாக இருந்த அந்தச் சோதனையைச் சர்வதேசத் தடகளக் கூட்டமைப்பு 1992இலும் ஒலிம்பிக் குழு 1999இலும் கைவிட்டிருந்தன. சந்தேகம் எழுந்தவரை மட்டும் சோதிக்கும் வழக்கம் எஞ்சியிருந்தது. அந்த வழக்கத்தால் இருபத்தைந்து வயதுப் பெண்ணொருவரின் உடல் ஊர்ப்பேச்சானது.

தமிழக அரசு அவருக்கு 15 லட்சம் ரூபாய் பரிசளித்துக் கௌரவித்தது. அது பெருந்தன்மையே, ஆனால் ஆரவாரம் அடங்கிய பின் வரும் இரவுகளைப் பணத்தால் கடக்க இயலாது. 2007இல் அவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றதாகச் செய்தி வந்தது. 2012இல் அவர் செங்கற்சூளையில் கூலி வேலை செய்வதைப் பத்திரிகைகள் எழுதின. ஆனால் சாந்தி வடக்கிருக்கவில்லை. பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தார். பயிற்றுநர் பட்டயம் பெற்றார். 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்றுநர் பணியும் பெற்றார். நாணத்தைக் கடந்து வாழ்ந்த இந்த வீரத்தைப் பாட ஒரு துறை நம் இலக்கணத்தில் இல்லை.

வீழ்ந்தவர் அருகில் யாராவது நின்றால் என்ன நிகழும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. 2014இல் ஒடிசாவின் துத்தீ சந்த் இதே போன்ற விதியால் தடுக்கப்பட்டபோது, இந்திய விளையாட்டு ஆணையம் அவர் மேல்முறையீட்டுக்குத் துணை நின்றது. 2015இல் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அவ்விதியை நிறுத்திவைத்தது. 2021இல் டோக்கியோவில் மனநலம் கருதிக் குழு இறுதிப்போட்டியின் நடுவே விலகிய சிமோன் பைல்ஸ், 2024இல் பாரிஸில் மூன்று தங்கங்களோடு திரும்பினார். 2008இல் தங்கம் வென்ற அபினவ் பிந்த்ரா, வெற்றிக்குப் பின் தம்மைச் சூழ்ந்த வெறுமையைப் பற்றி வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். வென்றவருக்கும் துணை வேண்டியிருக்கிறது. சென்னையின் குகேஷ் 2024 உலகச் சதுரங்கப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். அவருடன் மனப்பயிற்சியாளர் பேடி அப்டன் இருந்தார். பதினான்கு ஆட்டங்கள் முடிந்தபோது குகேஷ் உலக வாகையர்.

பதினெட்டு ஆண்டுகளில் இவ்வளவு மாறியிருக்கிறது. எனினும் இந்தத் துணை உச்சத்தை எட்டியவர்க்கே பெரிதும் வாய்க்கிறது. ஜவ்வாது மலைக் கிராமத்திலோ புதுக்கோட்டைச் சூளையடியிலோ இன்று வெறுங்காலோடு ஓடத் தொடங்கும் சிறுமிக்கு, காலணிக்கு முன்னரோ பின்னரோ, மனம் விட்டுப் பேச ஒருவர் கிடைக்க வேண்டும். அவள் தோற்கும் முன்பே அவர் அங்கு இருக்கவும் வேண்டும்.

செங்கத்தை அடுத்த எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று கிடைத்திருக்கிறது, மகேந்திரவர்மன் காலத்தது. வீழ்ந்த வீரனோடு அவனுடைய நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்பது அதன் பெயர். அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியைக் கல்வெட்டு பொறித்து வைத்திருக்கிறது. நாணி இறந்தவரைப் போற்றிய அதே மண், வீழ்ந்தவன் அருகே நின்ற ஓர் உயிரையும் பெயர் சொல்லி நினைவில் வைத்தது. நம் மரபிலிருந்து இனி நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கல்லைத்தான்.