துண்டு, தகரம், சில்லு: கையிலிருக்கிற டோக்கனை வாசிக்கிறது எப்படி?

ஹோட்டல் ரூம் கதவுல வைக்கிற அட்டை, ஆபீஸ் கழுத்துப்பட்டியில தொங்குற அட்டை, சாவிக்கொத்துல கோத்த நீலக் குமிழ், 2015-இல் சென்னை மெட்ரோ தொடங்கினப்ப கவுண்டர்ல கொடுத்த வட்ட பிளாஸ்டிக் டோக்கன். எல்லாத்துக்குள்ளயும் ஒரு சில்லு இருக்கு. அது என்ன சில்லு, எவ்வளவு எழுத இடம் இருக்கு, நம்மளைப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு சுமக்கிறவங்களுக்குத் தெரியாது. செய்த கம்பனி சொல்றதும் இல்ல. மூடின டோக்கனுக்குள்ள இருக்கிற நினைவகச் சில்லை ஆட்கள் எப்படி அடையாளம் கண்டாங்க என்கிறதுதான் இந்தக் கட்டுரை. ஆனா பெரகலச் சந்தியைச் சுத்தியிருக்கிற மலைத் தோட்டங்கள்ல இருந்து பார்த்தா, இந்தக் கதை சில்லுக்கு ரொம்ப முன்னாலயே தொடங்கிடுது.

எங்க முன்னோர்கள் சுமந்த டோக்கன் ரெண்டு. ஒண்ணு, துண்டு. ஒரு தோட்டத்துத் துரை கங்காணிக்கு எழுதிக் கொடுக்கிற கடிதாசி அது. 'இந்தக் கூட்டத்தோட கடன் இவ்வளவு ரூபா, கட்டினா ஆட்களை விடுறேன்' என்கிறதுதான் அதோட சாரம். கங்காணி அதை எடுத்துக்கிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போவார். அந்தத் துரை பணத்தைக் கட்டினா கூட்டம் கைமாறும். ஆள் தேவைப்படுற தோட்டங்கள் போட்டி போட்டதால துண்டுல இருந்த தொகை ஏறிக்கிட்டே போச்சு. அந்தத் தொகையில தன் பங்கு எவ்வளவுன்னு கொழுந்து எடுக்கிற அம்மாவுக்குத் தெரியாது. 1921-ஆம் ஆண்டுச் சட்டம்தான் துண்டை ஒழிச்சுது.

இன்னொண்ணு, தகர டிக்கெட். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துல வந்தது. தமிழ்நாட்டுல இருந்து வர்ற ஒவ்வொருத்தர் கழுத்திலயும் ஒரு தகர வில்லை. அதுல தோட்டத்தைக் குறிக்கிற எழுத்தும் எண்ணும் பொறிச்சிருக்கும். 1914-இல் தலைமன்னார் வழி திறந்த பிறகு மண்டபம், தலைமன்னார், அங்கிருந்து ரயில் என்று அந்த வில்லையை வாசிச்சு வாசிச்சு ஆட்களை அனுப்பினாங்க. பதுளைக்கு ரயில் வந்ததே 1924-இல்தான். அதுவரைக்கும் அந்தப் பக்கம் வந்தவங்க பாதை போட்டிருந்த வரைக்கும் ரயில்ல வந்து, மிச்சத்தை நடந்தாங்க. பயணச் செலவு தோட்டத்துக் கணக்குல விழும். கழுத்துல இருந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்னு பார்க்கணும்னா ஆபீசுல இருக்கிற பேரேட்டைத் திறக்கணும். வில்லைக்குள்ள வேற ஒண்ணும் இல்ல.

இந்த ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. துண்டுல தொகை அந்தக் காகிதத்திலயே இருக்கு. காகிதம் கைமாறினா பணமும் கைமாறுது. தகரத்துல எண் மட்டும்தான், விஷயம் வேற இடத்துல இருக்கு. இன்னைக்கு மின்னணு டோக்கனைக் கையில எடுக்கிற எந்த எஞ்சினியரும் முதல்ல கேக்கிற கேள்வியும் இதுதான்: இது துண்டா, தகரமா? உள்ளே இருக்கிற சில்லு என்னன்னு தெரிஞ்சா பதில் தெரியும்.

தகர டிக்கெட்டுக்கு நேர் வாரிசுன்னு சொல்லலாம் ஐபட்டனை. அமெரிக்காவின் டல்லாஸ் செமிகண்டக்டர் கம்பனி செய்தது. 16 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள துருப்பிடிக்காத எஃகு டப்பி, பார்க்க பட்டன் பேட்டரி மாதிரியே இருக்கும். இரவுக் காவலாளி சுத்தி வந்தாரா இல்லையான்னு பதியிற கருவிகள்ல, கதவுப் பூட்டுகள்ல இதைப் பார்க்கலாம். இஸ்தான்புல் நகரம் 1990-களின் நடுவுல இதையே பஸ் டிக்கெட்டா ஆக்கிச்சு, 'அக்பில்'ன்னு பேர் வச்சு.

ஐபட்டனை அடையாளம் காண உடைக்க வேண்டியதே இல்ல. ஒவ்வொரு டப்பிக்கும் 64 பிட் எண் ஒண்ணு பிறக்கும்போதே எழுதப்பட்டிருக்கு. அதை மூணாப் பிரிக்கலாம்: முதல் 8 பிட் குடும்ப எண், அடுத்த 48 பிட் தனி எண், கடைசி 8 பிட் சரிபார்ப்பு. இந்த எண்ணை மூடி மேலயே லேசர்ல பொறிச்சிருப்பாங்க. குடும்ப எண் 01-ன்னா அது டிஎஸ்1990ஏ. எண்ணைத் தவிர உள்ள ஒண்ணும் கிடையாது. அசல் தகரம். 08-ன்னா டிஎஸ்1992, ஒரு கிலோபிட் எழுதலாம். 06-ன்னா டிஎஸ்1993, நாலு கிலோபிட். இது துண்டு வகை, தொகையே உள்ள இருக்கலாம். 02-ன்னா டிஎஸ்1991, கடவுச்சொல் போட்ட அறைகள் இருக்கிறது. எழுதக்கூடிய இந்த வகைகளுக்குள்ள குட்டி லித்தியம் பேட்டரி ஒண்ணு இருக்கு. டப்பியை வெட்டித் திறந்து பார்க்கலாம்னு ஆசைப்பட்டு பேட்டரி அறுந்தா, எழுதினது அத்தனையும் போயிடும். கத்தியை எடுக்கிறதுக்கு முன்னாடி எண்ணை வாசிக்கணும் என்கிறது இந்த வேலையில பழைய பாடம்.

எல்லாக் கம்பனியும் இவ்வளவு நல்ல பிள்ளை கிடையாது. சிலது சில்லு மேல அச்சடிச்ச பேரைச் சுரண்டி எடுத்துடும், சிலது கறுப்புப் பசையை ஊத்தி மூடிடும். அப்பவும் வழி இருக்கு. எட்டுக் கால் உள்ள சின்னச் சில்லுன்னா, மின்சாரம் எந்தக் காலுக்குப் போகுது, தரை எந்தக் கால்ல இருக்கு, கட்டுப்பாட்டுச் சில்லுல இருந்து வர்ற கம்பி எங்க முடியுதுன்னு தடம் பிடிச்சுக்கிட்டே போகலாம். 24-இல் தொடங்குற நினைவகக் குடும்பம்னா தகவல் ஓடுறது ஐந்தாம், ஆறாம் கால் வழியா மட்டும். 93-இல் தொடங்குற குடும்பம்னா முதல் நாலு காலும் வேலை செய்யும். பேரை அழிச்சாலும் காலோட பழக்கத்தை அழிக்க முடியாது. (அச்சகங்கள்ல கணினிக்குப் பின்னால செருகி வச்சிருந்த டாங்கிளை நினைவிருக்கிறவங்களுக்கு இது புரியும். அதைப் பிடுங்கினா மென்பொருள் திறக்காது.)

கம்பியே இல்லாத அட்டை வந்ததும் விளையாட்டு மாறிச்சு. 1994-இல் சந்தைக்கு வந்த மைஃபேர் கிளாசிக் என்கிற சில்லு லண்டன் ஆய்ஸ்டர் அட்டையில இருந்து நெதர்லாந்துப் பயண அட்டை வரைக்கும் பரவிச்சு. 1,024 பைட் நினைவகம், 16 அறை, ஒவ்வொரு அறைக்கும் ரெண்டு சாவி. பூட்டு எப்படி வேலை செய்யுதுங்கிறது கம்பனி ரகசியம். ரகசியமா இருக்கிறதாலதான் பாதுகாப்புன்னு வாங்கினவங்களும் நம்பினாங்க.

2007 டிசம்பர்ல பெர்லின்ல நடந்த ஹேக்கர் மாநாட்டுல கார்ஸ்டன் நோல், ஹென்றிக் ப்ளோட்ஸ் ரெண்டு பேரும் மேடை ஏறினாங்க. கூட வேலை செய்த மூணாவது ஆள் ஸ்டார்பக் என்கிற புனைபேர்ல அறியப்பட்டவர். அட்டையை அசிட்டோன்ல ஊறப்போட்டு பிளாஸ்டிக்கைக் கரைச்சு, மணல் அளவுச் சில்லை வெளியே எடுத்து, அடுக்கு அடுக்கா தேய்ச்சு, ஒவ்வொரு அடுக்கையும் நுண்ணோக்கியில படம் பிடிச்சிருந்தாங்க. சுமார் 10,000 கேட்கள். ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வர்றதைக் கணினியை வச்சுத் தேடினதுல, பூட்டு மொத்தமும் சில நூறு கேட்களுக்குள்ள அடங்கிடுச்சு. 48 பிட் சாவி. அந்தக் காலத்துக்கே அது குழந்தைப் பூட்டு.

அடுத்த வருஷம் நெதர்லாந்தின் நெய்மேகன் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முழு விவரத்தையும் கட்டுரையா எழுதினாங்க. சில்லு செய்த என்எக்ஸ்பி கம்பனி அதைத் தடுக்கக் கோர்ட்டுக்குப் போச்சு. 2008 ஜூலை 18-ஆம் தேதி ஆர்ன்ஹெம் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்துச்சு. கம்பனிக்கு நட்டம் வந்தா அது கட்டுரையால வர்றதில்ல, குறையுள்ள சில்லைச் செய்து வித்ததால வர்றது என்கிறது நீதிமன்றத்தோட வாதம். எங்களுக்கு இந்தத் தீர்ப்பு நுண்ணோக்கிப் படத்தை விடப் பெரிய விஷயமாத் தெரியுது. டோக்கனை வாசிக்கிறது குற்றம்னு ஆகியிருந்தா, அதுக்கப்புறம் யார் வாசிச்சிருப்பாங்க?

'மைஃபேர்'னு சொல்லி விக்கிறதெல்லாம் மைஃபேரும் இல்ல. ஷாங்காயின் ஃபூடான் மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் அதே மாதிரி நடந்துக்கிற மலிவான சில்லுகளைச் செய்யுது. 2024 ஆகஸ்ட்ல குவார்க்ஸ்லேப் நிறுவனத்தின் ஃபிலிப் தியுவென், அந்த ஃபூடான் சில்லு ஒண்ணுக்குள்ள எல்லா அட்டைக்கும் பொதுவான ஒரு பின்கதவுச் சாவி இருக்குன்னு கண்டுபிடிச்சார். அட்டைக்காரர் எந்தச் சாவி போட்டாலும் அந்தப் பின்கதவு அப்படியே திறந்து கிடக்கு. இந்தியா, ஐரோப்பா, அமெரிக்கா என்று பல ஹோட்டல்கள்ல அந்தச் சில்லு புழக்கத்துல இருந்திருக்கு. தாங்க வாங்கினது என்ன சில்லுன்னு தெரியாமலே வாங்கினவங்க அதுல நிறைய.

முதல் அடையாளத்துக்கு இன்னைக்கு அசிட்டோனும் வேண்டாம், நுண்ணோக்கியும் வேண்டாம். என்எஃப்சி உள்ள ஃபோன்ல டேக்இன்ஃபோ மாதிரி இலவசச் செயலியைப் போட்டு அட்டையை முதுகுல வச்சாப் போதும். 'நீ யார்'னு ரேடியோ அலையில கேட்டா அட்டை ஒரு பைட்ல பதில் சொல்லும். 08-ன்னா கிளாசிக் ஒரு கிலோபைட், 18-ன்னா நாலு கிலோபைட், 00-ன்னா அல்ட்ராலைட் மாதிரி எளிய வகை, 20-ன்னா பெரும்பாலும் டெஸ்ஃபயர் மாதிரி கனமான பூட்டுள்ளது. ஃபூடான் சில்லும் 08-ன்னே சொல்லும் என்கிறதை மறந்துடாதீங்க. இது பேர் கேக்கிறது மட்டும்தான், விசாரணை இல்ல. அடுத்தவங்க அட்டையைப் பிரதி எடுக்கிறது திருட்டு, அதைப் பத்தி நாங்க பேசல. நம்ம கையில தந்த அட்டை என்ன வகைன்னு பார்க்கிறது அது இல்ல.

இதை ஏன் மலைநாட்டுல உட்கார்ந்து எழுதுறோம்? 1948-இல் குடியுரிமை போனப்பவும், 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வர்ற வரைக்கும், எங்க ஆட்களோட வாழ்க்கை வேற யாரோ எழுதின பதிவுகள்ல தொங்கிச்சு. இப்ப இந்திய உதவியோட இலங்கைக்கு டிஜிட்டல் அடையாள அட்டை வரப்போகுது. தோட்டங்கள்ல கொழுந்து நிறுக்க டிஜிட்டல் தராசு வந்திருக்கு. கூடைக்கும் ஈரத்துக்கும்னு எத்தனை கிலோ கழிச்சாங்க என்கிற சண்டை ஒவ்வொரு லயத்துலயும் உண்டு. முன்னெல்லாம் தராசு முள்ளை எட்டிப் பார்க்கவாவது முடிஞ்சுது.

நாளைக்குப் பெரட்டுக்களத்துல ஒரு அட்டையைத் தந்து 'இதை வச்சா உங்க கிலோ ஏறிடும்'னு சொன்னா, முதல்ல ஃபோனை வச்சுப் பாருங்க. எழுத இடமே இல்லாத வகைன்னா அது தகரம். கிலோ கணக்கு முழுக்க ஆபீஸ் கணினியில இருக்கு, அதனால அட்டையைப் பத்திரமா வச்சிருக்கிறதால ஒண்ணும் நிரூபிக்க முடியாது. எழுதுற இடம் இருக்கிற வகைன்னா, கிலோ அட்டையில ஏறுதா இல்ல வெறும் எண்தான் போகுதான்னு கணக்கப்பிள்ளைகிட்டக் கேளுங்க. ரெண்டு நிலைமையிலயும் நிறுத்த உடனே அச்சடிச்ச ரசீது, மாசக் கடைசியில நாள்வாரியா கிலோ போட்ட சம்பளச் சீட்டு, ரெண்டையும் சங்கத்து மூலமா எழுத்துல கேக்கலாம். செக்ரோல்ல பேர் விழுந்துச்சான்னு தினம் கேட்டுட்டுத்தான் மலைக்குப் போன அப்பாயிமாருக்கு இந்தக் கேள்வி புதுசு இல்ல.