அன்றாடங்காய்ச்சிகளின் எடோ

ஜப்பானிய மொழியில் ‘உக்கியோ’ என்னும் சொல் முதலில் துயரம் மண்டிய இவ்வுலகைக் குறித்த பௌத்தச் சொல்லாகும். அதன் முதற்பகுதியான ‘உக்கி’ என்னும் ஒலி துயரத்துக்கும் மிதத்தலுக்கும் பொதுவாக இருந்தமையால், பதினேழாம் நூற்றாண்டில் அதை வேறொரு எழுத்தால் எழுதத் தொடங்கியபோது துயர உலகம் மிதக்கும் உலகமாயிற்று. 1660களில் அசாய் ரியோயி எழுதிய ‘உக்கியோ மொனொகத்தாரி’ என்னும் கதைநூல் இப்புதுப் பொருளைப் பரப்பியது. உலகம் நிலையற்றது என்ற அடிப்படை மாறவில்லை. ஆகவே துறந்துவிடு என்பதன் இடத்தில், ஆகவே இன்றை இழந்துவிடாதே என்ற முடிவு வந்து அமர்ந்தது. கலை வரலாற்று நூல்கள் இம்மாற்றத்தை நடிகர்களோடும் கணிகையரோடும் செல்வ வணிகர்களோடும் சேர்த்தே பேசுகின்றன. ஆனால் அதை அன்றாட வாழ்வில் மிகக் கடினமான நிலையில் கைக்கொண்டவர்கள், ஷோகன்களின் தலைநகரும் இன்றைய டோக்கியோவுமான எடோவின் பின்சந்துகளில் வாழ்ந்த கூலிக்காரர்களும் கூவி விற்பவர்களுமே ஆவர்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பத்து லட்சம் பேர் வாழ்ந்ததாக மதிப்பிடப்படும் அந்நகரில் மக்களில் பாதியளவினர் சாமானியக் குடிகள். அவர்கள் குடியிருக்கக் கிடைத்ததோ நகரப் பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மட்டுமே. எஞ்சிய நிலம் சாமுராய்களின் மனைகளாகவும் கோயில் வளாகங்களாகவும் இருந்தது. நெருக்கியடித்த மரவீடுகளில் தீ ஓயாது பற்றியது. 1657ஆம் ஆண்டின் மெய்ரெக்கிப் பெருந்தீயில் ஒரு லட்சம் பேர் வரை மாண்டிருக்கலாம் என்பது கணிப்பு. 1772இலும் 1806இலும் நகரின் பெரும்பகுதி மீண்டும் எரிந்தது. எடோவில் பிறந்தவன் சம்பாதித்த காசை இரவு தாண்ட வைத்திருப்பதில்லை என்ற புகழ்பெற்ற வழக்கு இந்தச் சாம்பலின் மேல்தான் முளைத்தது.

ஏழைக் குடிகள் ‘நாகயா’ எனப்பட்ட வரிசை வீடுகளில் வாழ்ந்தனர். அவற்றுள் மிகப் பரவலான அளவு அகலத்தில் ஏறத்தாழ 2.7 மீட்டர், ஆழத்தில் 3.6 மீட்டர், வாசலை ஒட்டிய சிறு மண்தரையில் அடுப்பு, அதற்கப்பால் ஒரே அறை, அதிலேயே ஒரு குடும்பம். கிணறும் கழிப்பிடமும் பொது. இத்தகைய வீட்டில் பொருள் சேர்க்க இடமுமில்லை. சேர்த்தால் தீ விட்டுவைக்கும் என்ற உறுதியுமில்லை. எனவே படுக்கை, கொசுவலை, சமையற்பாத்திரம், விழாவுக்கான உடை ஆகியவற்றையெல்லாம் நாட்கணக்கில் வாடகைக்குத் தரும் ‘சோன்ரியோயா’ என்னும் கடைகள் நகரெங்கும் இருந்தன. உடைமையின்றி வாழ்வதை அந்நகரம் ஒரு தொழில்முறையாகவே வளர்த்து வைத்திருந்தது என்று சொல்லலாம்.

இம்மக்களின் வரவு செலவை ‘புன்செய் நென்கான் மன்ரோக்கு’ என்னும் குறிப்புநூல் வியக்கத்தக்க நுணுக்கத்துடன் காட்டுகிறது. புன்செய் என்பது 1818 முதல் 1830 வரையான ஆட்சிக்காலத்தின் பெயர். அதில் வரும் காய்கறி வியாபாரி ‘மொன்’ எனப்பட்ட செப்புக்காசுகளில் அறுநூறு, எழுநூறைக் கொண்டு விடியற்காலையில் முள்ளங்கியும் கிழங்கும் வாங்கி, தோளில் சுமந்து, நாள் முழுதும் தெருத்தெருவாகக் கூவி விற்று, பொழுது சாயும் நேரத்தில் வீடு திரும்புகிறான். வந்ததும் மறுநாள் கொள்முதலுக்கான முதலை எடுத்து வைக்கிறான். வாடகைக்கு உரியதை ஒரு மூங்கிற்குழாயில் போடுகிறான். மனைவி அரிசிக்குக் கேட்க 200 மொன், புளித்த சோயாவிழுதுக்கும் சாற்றுக்கும் 50 மொன், பிள்ளை தின்பண்டத்துக்குக் கேட்க 12, 13 மொன் போகின்றன. கையில் மிஞ்சும் நூறோ இருநூறோ மதுவுக்குப் போயிற்றா, மழைநாளுக்கென்று ஒதுங்கிற்றா என்பதை நூலாசிரியர் வாசகரின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறார். இந்தச் சிறு காட்சி மேற்சொன்ன வழக்கைத் திருத்தி வாசிக்கச் செய்கிறது. காசை இரவு தாண்ட வைக்காதவன் ஊதாரி அல்லன். எந்தக் காசு நாளைக்குரியது என்பதை மூங்கிற்குழாயைக் கொண்டு பிரித்தறிந்தவன், பிரித்தபின் எஞ்சியதை இன்றைக்கென்று முழுமனத்தோடு செலவிட்டவன்.

அதே நூல் தரும் தச்சர் கணக்கு இன்னும் கறாரானது. வெள்ளியின் எடையைக் குறிக்கும் ‘மொம்மே’ என்னும் அலகில், உணவுப்படி உட்பட நாளொன்றுக்கு 5.4 வீதம் ஆண்டில் 294 நாள் உழைத்தால் வருமானம் 1,587.6, அரிசி, வாடகை, எண்ணெய், கரி, உடை, மொய் போன்றவற்றுக்கான செலவு 1,514, மிச்சம் 73.6 மொம்மே. எடோவின் தொழிலாளர்களுள் நல்ல கூலி பெற்றவரின் ஓராண்டுச் சேமிப்பு பதினான்கு நாள் கூலிக்கும் குறைவு என்பது இதன் பொருள். ஓர் அடைமழையோ ஒரு காய்ச்சலோ அதைக் கரைத்துவிடும். முதலும் இழந்தவர்கள் காலையில் 100 மொன் வாங்கி மாலையில் 101 ஆகத் திருப்பினர். மறுநாள் விடியலில் காகம் கரையும்முன் அடைக்க வேண்டிய கடனுக்குக் ‘காகப்பணம்’ என்றே பெயர். நாளுக்கு நூற்றுக்கு ஒன்று என்பது கொடிய வட்டிதான். அதை மறைத்து எடோவின் மகிழ்ச்சியைப் பாடுவது அந்த மக்களுக்குச் செய்யும் நியாயமாகாது.

மாலை 101 மொன்னைத் திருப்பியவனுக்கும் அந்நகரம் ஏதோ ஒன்றை வைத்திருந்தது. 16 மொன்னுக்கு ஒரு கிண்ணம் ‘சோபா’ நூடுல்ஸ், அதனினும் குறைந்த காசுக்குப் பொதுக் குளியலறையில் வெந்நீர், கோடையில் சுமிதா ஆற்றின் மேல் வாணவேடிக்கை. வேடிக்கைக்குப் பணம் கொடுத்தவர்கள் படகுக்காரர்களும் உணவுவிடுதிக்காரர்களும். பாலத்தில் நின்றவர்கள் அதே ஒளியை இலவசமாகக் கண்டனர். எட்டாவது ஷோகனான யோஷிமுனே 1720களில் அசுகாயாமா குன்றில் செர்ரி மரங்களை நடச்செய்து, சாமானியரும் பூப்பார்க்கக் கூடும் இடமாக அதை ஆக்கினார்.

அம்மரங்களின் கீழ் ஏழைகள் விரித்த பாயை, ஒருவரே அமர்ந்து பல குரலில் கதை நிகழ்த்தும் ‘ரக்குகோ’ கலை மறக்கவில்லை. ஒசாகாவில் தோன்றிப் பின்னர் டோக்கியோவுக்கு வந்த ‘நாகயா நொ ஹனமி’ என்னும் கதையில், வாடகை பாக்கி வைத்த குடித்தனக்காரர்களை வீட்டுப் பொறுப்பாளரே பூப்பார்க்க அழைத்துச் செல்கிறார். மதுக் குடுவையில் இருப்பது நீர்த்த தேநீர். மீன்விழுதுத் துண்டுக்குப் பதில் முள்ளங்கித் துண்டு. முட்டைப் பொரியலுக்குப் பதில் மஞ்சள் ஊறுகாய். கேட்பவர் சிரிக்கிறார்கள், எனினும் கதையில் பொய்யாக இல்லாத பொருள் ஒன்று உண்டு, அது பூ. பணக்காரர் பாய்க்கும் இவர்கள் பாய்க்கும் மேலே விரிந்திருப்பது ஒரே கிளைதான்.

இந்த மனநிலைக்கு ஓர் எல்லை இருந்தது. அதன் பெயர் அரிசி விலை. தென்மெய் பஞ்சத்தின்போது 1787ஆம் ஆண்டில் விலை தாங்க முடியாமற்போகவே, எடோ மக்கள் நகரெங்கும் அரிசிக்கடைகளை உடைத்து நொறுக்கினர். அடுத்து ஆட்சிப் பொறுப்பேற்ற மட்சுதாயிரா சதனோபு, நகர நிர்வாகச் செலவைக் குறைத்து, அவ்வாறு மிச்சமான தொகையில் பத்தில் ஏழு பங்கை நில உடைமையாளர்கள் ஆண்டுதோறும் பொதுநிதியில் கட்ட ஆணையிட்டார். அந்நிதியைக் காக்க 1792இல் ‘மச்சிகாய்ஷோ’ என்னும் நகர மன்றம் அமைந்து, நெல் வாங்கிக் களஞ்சியங்களில் சேமித்தது. தீ, தொற்றுநோய், விலையேற்றம் வந்த நாட்களில் அன்றன்று உழைத்துண்பவர் என்ற பொருள்படும் ‘சோனோ ஹி கசெகி நொ மோனோ’ என்னும் தலைப்பில் பெயரெழுதி அவர்களுக்கு அது அரிசியும் காசும் வழங்கிற்று. தமிழில் அன்றாடங்காய்ச்சி என்ற சொல்லுக்கு அத்தனை நெருக்கமான ஒரு சொல் அங்கே அரசுப் பதிவேட்டில் உரிமை தரும் சொல்லாக இருந்தது. புன்செய் காலத்துக் காய்கறி வியாபாரி தன் பிள்ளையின் கையில் 12 மொன்னை வைத்த மாலையில் அக்களஞ்சியங்கள் எழுந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகியிருந்தன.