ஃபினெஸ்ட்ரே: தோத்த இடமும் ஜெயிச்ச இடமும்

ஆபீஸ் போற வழி மேம்பாலத்துல பாதியில இறங்கி சைக்கிளைத் தள்ளினவன் நான். அன்னையோட அது மூலைக்குப் போயிருச்சு.

இத்தாலி ஆல்ப்ஸ்ல ஃபினெஸ்ட்ரேன்னு ஒரு கணவாய். உயரம் 2,178 மீட்டர். 18 கிலோமீட்டருக்கும் மேல ஏத்தம். கடைசி 8 கிலோமீட்டர் தார் கிடையாது, வெறும் சரளை. எழுந்து நின்னு மிதிச்சா பின்சக்கரம் வழுக்கும். ஜிரோ பந்தயம் இங்க முதல்ல வந்தது 2005-ல்.

2018-ல் முதலிடத்துல இருந்த சைமன் யேட்ஸ் இந்த ஏத்தத்துலதான் உடைஞ்சார். அன்னைக்கு மட்டும் 38 நிமிடத்துக்கு மேல இழப்பு. இங்கேயே தனியா பிரிஞ்ச ஃப்ரூம் பட்டத்தைத் தட்டிட்டுப் போனார்.

2025 மே 31. அதே சரளை, அதே யேட்ஸ். மூணாவது இடத்துல கிளம்பினவர், இங்க எல்லாரையும் உதறிட்டுப் போய், மறுநாள் ஜிரோவையே ஜெயிச்சார்.

தோத்த இடத்துக்குத் திரும்பிப் போறதுக்கே தில்லு வேணும்ங்க. நாளைக்கு என் சைக்கிளுக்குக் காத்தடிக்கணும்.