முகம் மாற்றிய ஜனதா

அப்பாவுக்குக் கல்யாணத்தில் மாமனார் போட்ட வாட்ச் ஹெச்.எம்.டி. ஜனதா. பீரோவில் அது சும்மா கிடக்க, போன வருஷம் நான் இன்னொரு ஜனதாவை ஆன்லைனில் 4,200 ரூபாய்க்கு வாங்கினேன். 'எழுபதுகளின் ஒரிஜினல், பயன்படுத்தாதது' என்று போட்டிருந்தார்கள். வெள்ளை டயல் பளிச்சென்று இருந்தது. அந்தப் பளிச்சைத்தான் நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

ஹெச்.எம்.டி. 1953-இல் பெங்களூரில் தொடங்கிய அரசு நிறுவனம். ஜப்பானின் சிட்டிசன் கைகொடுக்க, 1961-இல் வாட்ச் செய்ய ஆரம்பித்தது. முதல் வாட்சுகளை வெளியிட்டவர் நேரு. அதுவரை இங்கே நல்ல வாட்ச் என்றால் சுவிஸ்தான். ஃபாவ்ர் லூபா 1865-லேயே பம்பாய்க்கு வந்துவிட்டது. வெஸ்ட் எண்ட் கம்பெனி வளர்ந்ததே இந்தியக் கைகளை நம்பித்தான்.

எந்த நாட்டு வாட்சாக இருந்தாலும் நம்மூர் வேர்வைக்கும் மழைக்காலத்துக்கும் ஒன்றுதான். ஈரம் உள்ளே இறங்கினால் டயல் மஞ்சளாகும், புள்ளி விழும். இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் சுவிஸ் டயலுக்கு எங்கே போவது? ரிப்பேர்காரர் பழைய பெயின்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடித்து, பெயரையும் கோடுகளையும் மறுபடி பதித்துக் கொடுத்தார். பொங்கலுக்கு வெள்ளையடிப்பது மாதிரி. யாரும் அதை மோசடி என்று சொல்லவில்லை. பின்னாளில் இணையத்தில் இந்த வாட்சுகளைப் பார்த்த வெளிநாட்டு சேகரிப்பாளர்கள்தான் 'மும்பை ஸ்பெஷல்' என்று கேலிப்பெயர் வைத்தார்கள்.

2014-இல் ஹெச்.எம்.டி. வாட்ச் பிரிவை மூடப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் ஜனங்கள் கடைகளுக்கு ஓடினார்கள். 2016-இல் மத்திய அமைச்சரவை மூட முடிவெடுத்தது. ஜனதா சேகரிப்புப் பொருளானது. ஒரு காலத்தில் பழசைக் காப்பாற்றிய அதே கைவேலை, இப்போது 'பயன்படுத்தாதது' தயாரிக்க உதவுகிறது.

என் வாட்சைப் பாரிமுனைப் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் ரிப்பேர்கார அண்ணனிடம் கொண்டுபோனேன். ஃபோன் ஆப்பில் நானே சோதித்திருந்தேன்: மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது விநாடிக்கு ஐந்து, ஏறக்குறைய சரியாக ஓடியது. பெருமையாகக் காட்டினேன்.

"மிஷின் நல்ல மிஷின்தான் தம்பி. ஆனா அது இந்த வாட்ச் மிஷினான்னு உங்க ஃபோன் சொல்லுமா?"

லென்ஸை என் கண்ணில் மாட்டிவிட்டார். ஃபேக்டரி அச்சில் எழுத்தின் ஓரம் சுத்தமாக நிற்கும், மை லேசாக மேடு தட்டியிருக்கும். என்னுடையதில் ஒரு எழுத்தின் இரண்டு கால்களும் இரண்டு தடிமன். நிமிஷக் கோடுகள் மணிக்குறிகளின் நடுவில் விழாமல் ஒதுங்கியிருந்தன. டயலைக் கழற்றினால் ஓரத்தில் சுரண்டின தடம். பக்கத்தில் சாவித் தண்டில் துரு. பயன்படுத்தாத வாட்சில் எப்படித் துரு வரும்?

சுவிஸ் வாட்சுகளுக்கு இன்னொரு சோதனை சொன்னார்: இருட்டு. நாம் பைக் ஸ்டிக்கர் உட்பட ஒளிர்கிற எல்லாவற்றையும் 'ரேடியம்' என்கிறோம், ஆனால் அந்தக் கால டயல்களில் இருந்தது நிஜ ரேடியம். அதன் கதிரியக்கம் பாதியாகக் குறைய 1,600 வருஷம் ஆகும். ஆனால் அதோடு கலந்த துத்தநாக சல்ஃபைடு சில பத்தாண்டுகளிலேயே கெட்டுவிடும். அதனால் ஐம்பதுகளின் வாட்ச் இன்று ராத்திரி ஜொலித்தால், யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள். அறுபதுகளில் ரேடியத்துக்குப் பதில் டிரிட்டியம் வந்தது, அதைக் குறிக்க டயலின் அடியில் 'டி' என்ற ஆங்கில எழுத்தைப் போட்டார்கள். ஐம்பதுகள் என்று விற்கிற வாட்சில் அந்த எழுத்து இருந்தால் எழுந்து வந்துவிடலாம்.

ஆறுதலுக்கு அடுத்த வாரம் அப்பாவின் ஜனதாவை எடுத்துப்போனேன். இது ஒரிஜினல் என்று எனக்குத் தெரியும். அண்ணன் லென்ஸ் வழியாகப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"இதுவும் அடிச்சதுதான்."

அப்பாவுக்கு ஃபோன் போட்டேன்.

"ஆமாடா, தொண்ணூறுல முகம் கறுத்துப்போச்சு. பதினஞ்சு ரூபா குடுத்து அடிச்சேன். அதுக்கென்ன இப்போ?"

விற்றவருக்கும் எழுதினேன்: டயல் மறுபடி பெயின்ட் அடித்தது, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். "அடிச்சாத்தான் சார் அழகு" என்று பதில் வந்தது. பணம் வரவில்லை. அப்பாவின் வாட்சுக்கு அண்ணனிடம் எண்ணெய் மட்டும் போடச் சொன்னேன், டயலைத் தொட வேண்டாம் என்று.