தாடை மூட்டு மருத்துவம்: கையிலிருந்து ஊசி வரை

அரபு மொழியில் தாடையைக் குறிக்கும் 'ஃபக்' என்னும் சொல்லுக்குப் பிணைப்பை விடுவித்தல் என்ற பொருளும் உண்டு. மக்ரஜ்களைக் கற்பிக்கும் நாம், தாடை இடம்கொடாவிடில் ஓதல் தடைப்படும் என்பதை நன்கறிவோம். காதின் முன்புறம் விரலை வைத்து வாயைத் திறந்தால் அசைவது தாடை மூட்டு. அது சிலருக்குச் சொடுக்கொலி எழுப்பும், சிலருக்குப் பூட்டிக்கொள்ளும். அப்பூட்டைத் திறக்க முயன்றோரின் வரலாறு சிந்திக்கத்தக்கது.

பத்தாம் நூற்றாண்டின் குர்துபா மருத்துவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ, முப்பது பகுதிகள் கொண்ட தம் 'அத்தஸ்ரீஃப்' நூலின் இறுதிப் பகுதியை அறுவை மருத்துவத்திற்கு ஒதுக்கினார். நூற்றுக்கணக்கான கருவிகளை வரைந்து காட்டிய அவரே, நழுவிய தாடைக்குக் கத்தியை நாடவில்லை. கிரேக்க முன்னோரின் வழிநின்று, கட்டைவிரலை வாயினுள் வைத்துக் கையாலேயே மூட்டைச் சேர்த்து, பின்னர் கட்டும் மென்மையான உணவும் விதித்தார்.

நழுவல் வேறு, மூட்டினுள் மெத்தைபோல் அமைந்த குருத்துத் தட்டு இடம்பெயர்வதால் நேரும் பூட்டு வேறு. பின்னதற்கு 1887இல் எடின்பரோவின் தாமஸ் அன்னண்டேல் மூட்டைத் திறந்து, தட்டைத் தைத்து நிறுத்தினார். இருபதாம் நூற்றாண்டில் தட்டையே அகற்றும் முறை பரவியது. 1980களில் அதனிடத்தில் டெஃப்லான் கலந்த செயற்கைத் தகடுகள் பொருத்தப்பட்டன. அவை தேய்ந்து சிதறிய துகள்கள் எலும்பையே அரித்தன. 1990இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. நிவாரணம் தேடிச் சென்றோர் பலர் நிரந்தர வேதனையுடன் திரும்பினர்.

இதற்கிடையே 1975இல் ஜப்பானியர் மசதோஷி ஓனிஷி, சிறு துளை வழியே மூட்டினுள் நோக்கும் முறையை அறிவித்தார். அவ்வாறு நோக்குகையில் மூட்டைக் கழுவியதாலேயே, தட்டு பழைய இடத்திற்கு மீளாதபோதும், பலருக்கு வாய் திறந்தது. இதனை உணர்ந்த டோரித் நிட்சான் குழுவினர் 1991இல் நோக்குக் கருவியையும் விடுத்தனர். மரப்பூசி செலுத்தி, இரு ஊசிகளை மூட்டின் மேலறையில் நுழைத்து, ஒன்றின் வழியே உப்புக்கரைசலைச் செலுத்தி மற்றொன்றின் வழியே வெளியேற்றினர். ஆர்த்ரோசென்டசிஸ் எனப்படும் இம்முறை அழற்சிப் பொருள்களை நீக்கி, ஒட்டுதலைத் தளர்த்துகிறது. எல்லோருக்கும் பலிக்கும் என்று கூறுவதற்கில்லை. ஆயினும் இழப்பு மிகக் குறைவு.

நம் பகுதிக்கு இவ்வரலாற்றால் என்ன பயன்? தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் அடக்கத்தலம் என மக்கள் போற்றும் கோவளம் முதல் மாமல்லபுரம் வரையுள்ள கடலோர மக்களுக்குக் கேளம்பாக்கத்திலும், செங்கல்பட்டைச் சார்ந்தோருக்குக் காட்டாங்குளத்தூரிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. வாய்முக அறுவைத் துறை அங்கு உண்டு. எனினும், கத்திக்கு அஞ்சி வலியைச் சுமந்திருப்போர் நம்மிடையே பலர். மென்மையான உணவு, ஓய்வு, தாடைப் பயிற்சி, பல்லுறை ஆகியவற்றாலேயே பெரும்பாலோர் தேறுகின்றனர் என்பதை அவர்கள் அறிதல் வேண்டும். ஊசி அதற்கடுத்த படி. கத்தி இறுதிப் படி. வாய் திறவாமைக்கெல்லாம் மூட்டே காரணமன்று என்பதும் நினைவிற்குரியது. பாக்கு மெல்லுவோருக்குக் கன்னத்தின் உட்புறம் இறுகுவதும், புற்றுநோய்க்கு முன்னறிகுறியாகலாம், தாமதம் ஆகாது.

அஸ்ஸஹ்ராவீயின் கையிலிருந்து இரு ஊசிகள் வரை வந்துசேர மருத்துவம் ஆயிரம் ஆண்டுகள் நடந்தது. இடையில் பலர் உடலால் விலை கொடுத்தனர். 'ஃபக்' என்பது விடுவித்தலேயன்றி அகற்றுதல் அன்று. மொழி முன்னரே உரைத்த அப்பாடத்தை மருத்துவம் காலந்தாழ்த்தியே கற்றது எனலாம்.