மீரட்டில் இருந்து வந்த ட்ரம்பெட்

திருப்பூர்ல செகண்ட் ஹேண்ட் நிட்டிங் மெஷினை ஓட்டிப் பார்க்காம யாரும் அட்வான்ஸ் தரமாட்டாங்க. நானோ, ஒரு பழைய ட்ரம்பெட்டைப் பளபளப்பைப் பார்த்தே வாங்கிட்டேன். எட்டாயிரம் ரூபாய்.

“ஊதிப் பாத்தியா கண்ணு?”ன்னார் பேண்டு செட் மாஸ்டர். வால்வை அழுத்தாம அதோட ஸ்லைடை இழுத்தார். அப்புறம் அழுத்தினார். ‘டப்’னு சத்தம் வரணும், வரல. பிஸ்டன் தேய்ஞ்சு காத்து கசியுது.

குழாயில் பொறிச்சிருந்த ஊர் மீரட், பிரிட்டிஷ் ராணுவத்தின் கன்டோன்மென்ட் ஊர். அங்கே ராணுவ பேண்டில் இருந்த நாதிர் அலி 1885இல் தொடங்கிய கம்பெனி முதலில் வாத்தியங்களை இறக்குமதி செய்து விற்றது. 1911இல் தானே தயாரிக்க ஆரம்பித்தது. படை அணிவகுப்புக்கு வந்த பித்தளை, கல்யாண ஊர்வலத்துக்கும் சாவு வீட்டுக்கும் இறங்கி வந்தது இப்படித்தான். பேண்டு வாத்தியம்னா மீரட்டோட ஜலி கோத்தி பகுதி இன்னிக்கும் பெயர் பெற்றது.

விற்றவர் இப்போ போன் எடுக்கறதில்ல. மாஸ்டர் மூணு பிஸ்டனையும் கழற்றி, ஒரு பனியன் வேஸ்ட் துணியில் துடைச்சுட்டிருக்கார்.